தேய்த்த பென்னி

"இனிமே என்னால ஏலாது ஆசானே," என்றார் நயினார்.

"எது ஏலாது?"

"'ஒண்ணும் பெறாது'ன்னு சொல்லுதது."

ஆசான் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாரவன் எல்லாம் பங்களா கட்டுத நெனப்போட வாரான். நான் வாயத் தொறந்ததும் இடிஞ்சு போறான். காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் இதே சோலி. பாவம் வந்து சேரும்."

"பொய் சொன்னா சேராதா?"

ஆசான் கண்ணாடியை உறைக்குள் போட்டார். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

இந்த ஆசானுக்கு மாசானம் என்று பெயர். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற தெருவில், உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்றின் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். ஒரு மேசை, ஒரு பச்சைத் துணி, ஒரு சின்னத் தராசு, வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல். வெள்ளைக்காரன் காலத்துக் காசை யார் கொண்டுவந்து வைத்தாலும் அது என்ன காசு, எங்கே அடித்தது, இன்றைக்கு என்ன பெறும் என்று சொல்வார். வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார்.

அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடரான நயினாருக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. சீடர் குருவை "ஆசானே" என்பார். குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். தெருவே இதைச் சொல்லிச் சிரித்தது. சிரித்தவர்களுக்கு வேறு வேலை இல்லை. அவர்கள் கொண்டுவந்து காட்டிய காசுகளும் ஒன்றும் பெறாதவைதான்.

நயினார் முன்பு பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். எவர்சில்வர் வந்தது, கடை போனது. கைப்பழக்கம் மட்டும் போகவில்லை. செம்போ பித்தளையோ எதைக் கண்டாலும் புளி போட்டுத் தேய்த்து மினுக்கிவிட வேண்டும் அவருக்கு.

சேர்ந்த புதிதில், விக்டோரியா ராணி தலை போட்ட காலணா ஒன்றை யாரோ பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கன்னங்கரேலென்று இருந்தது. பார்க்கப் பாவமாக இருக்கிறதே என்று நயினார் புளி போட்டுத் தேய்த்தார். நேற்று அடித்த காசு மாதிரி ஆகிவிட்டது. பெருமையோடு கொண்டுபோய் நீட்டினார்.

ஆசான் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனையோ பேரு கைபட்டு இதுக்கு ஒரு தோலு வளந்திருந்துது," என்றார். "உரிச்சிட்டிய."

"அழுக்குல்லா ஆசானே அது?"

"உங்களுக்கு."

அதிலிருந்து அந்த அறைக்குள் புளி வந்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட ஆசான் மோர்ச்சோறுதான் கொண்டுவருவார்.

ஆசானுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும், காசைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்பார்.

"இதுல உங்களுக்கு என்ன தெரியணும்?"

நயினாருக்கு இது வீண் பேச்சாகப் பட்டது.

"வாரவுக எல்லாரும் வெலதான் கேக்காவ. பெறகு எதுக்கு ஆளாளுக்கு இதைக் கேட்டுக்கிட்டு?"

"நீங்க கேட்டுப் பாத்தியளா?"

"கேக்காமலே தெரியுமே."

ஆசான் மோரைக் குடித்து முடித்தார்.

ஒருநாள் ஒருவர் காசோடு ஒரு பொட்டலம் அரிசியும் கொண்டுவந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. அது அரிசியை இழுக்கும் என்றும், அப்படி இழுக்கிற காசுக்குக் கோடி கொடுக்க ஆள் இருக்கிறது என்றும் அவருக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். அதை நம்பி வயலை விற்றுவிட்டு அலைகிறார்.

"இதுல உங்களுக்கு என்ன தெரியணும்?"

"இழுக்கும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

ஆசான் அரிசியைப் பச்சைத் துணியில் பரப்பினார். நடுவில் காசை வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அரிசி இருந்த இடத்தில் இருந்தது.

"வீட்டுல நகந்துச்சு," என்றார் வந்தவர்.

"எறும்பு இருந்திருக்கும்."

"அப்பம் இது?"

"ஒண்ணும் பெறாது."

வந்தவர் அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டார். நயினார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆசான் கடைசி மணி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் போனதும் நயினார் வெடித்தார். "அந்த ஆளு ஒழுங்கா வீடு போய்ச் சேருவானா?"

"தெரியாது."

"'இருக்கலாம், இன்னொரு எடத்துல கேட்டுப் பாருங்க'ன்னு சொன்னா உங்க சொத்தா கொறஞ்சு போகும்?"

ஆசான் இழுப்பறையிலிருந்து இரண்டு ஜார்ஜ் ரூபாய்களை எடுத்தார். ஒன்றைக் கல்தரையில் போட்டார். மணி அடித்தது போலக் கேட்டது. மற்றதைப் போட்டார். தொப்பென்று விழுந்தது.

"ரெண்டாவது கள்ளக் காசு," என்றார் நயினார்.

"நல்ல வேலைப்பாடு. இல்லையா?"

"நல்ல வேலைப்பாடுதான்."

"அதையும் வாங்கின அன்னைக்கு ஒருத்தன் சந்தோசமாத்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பான்."

நயினார் அதைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்தார். சமாதானம் ஆகவில்லை.

இன்னொரு நாள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர் எட்வர்டு ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இதுல உங்களுக்கு என்ன தெரியணும்?"

"இந்த மொட்டத்தல ராசா இன்னும் இருக்காரா?"

"செத்து ரொம்ப நாளாச்சு."

"புள்ளகுட்டி?"

"உண்டு."

"அப்பம் சரி," என்று காசை மடியில் சொருகிக்கொண்டு அவர் போய்விட்டார். விலையைப் பற்றி மூச்சே விடவில்லை.

நயினார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊருக்கு ஒரு கிறுக்கன் உண்டும்லா," என்றார்.

ஆசான் சிரிக்கவில்லை.

நயினாரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே மகன். பம்பாய்க்குப் போனான். முதலில் மாதாமாதம் கடிதம் வந்தது. பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. பிழைக்கிறானோ செத்தானோ என்று நயினாரும் மனைவியும் வேண்டாத சாமி இல்லை. ஒருநாள் ஊர்க்காரர் ஒருவர் வந்து, அவனைப் பம்பாயில் தாதர் ஸ்டேஷனில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறான், கேட்டதற்கு முகம் கொடுக்காமல் போய்விட்டான் என்றார். அன்று படுத்தவள்தான் நயினாரின் மனைவி. எழுந்திருக்கவே இல்லை.

"செத்துட்டான்னு சேதி வந்திருந்தா அழுதுட்டு எந்திரிச்சிருப்பா," என்று நயினார் சொல்வார். "இருக்கான்னு தெரிஞ்சதுதான் அவளக் கொன்னுது."

ஆசான் இதைக் கேட்டிருக்கிறார்.

ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆசான் ஒரு கல்யாணத்துக்காக நாசரேத் ஊருக்குப் போயிருந்தார். அறையில் நயினார் மட்டும் இருந்தார்.

நனைந்த சேலையோடு ஒரு பெண் வாசலில் நின்றாள். கடற்கரை ஊர்க்காரி என்று பார்த்ததுமே தெரிந்தது. கழுத்தில் ஜெபமாலை, காதில் ஒன்றுமில்லை.

"ஐயா இல்லையா?"

"நாளைக்கு வருவாவ. நானும் பாப்பேன். குடுங்க."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பெரிய செம்புக் காசை எடுத்தாள். பாதி காசைப் பச்சைக் களிம்பு மூடியிருந்தது. ஒரு பக்கம் ராணி தலை. மறு பக்கம் சூலத்தையும் கேடயத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்.

"இது வெள்ளக்காரன் ஊருக் காசு. பென்னிம்பாவ. ஒங்களுக்கு எங்கன கெடச்சது?"

"கப்பல்ல போயிட்டு வந்த ஆளு ஒருத்தரு வீடு தேடி வந்தாரு அண்ணாச்சி. 'இன்னாசி பெஞ்சாதி நீங்கதான'ன்னு கேட்டாரு. கையில வச்சிட்டுப் போயிட்டாரு. யாரு குடுத்தா, எப்பம் குடுத்தான்னு கேக்குததுக்குள்ள பஸ் ஏறிட்டாரு."

"இன்னாசி யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. கொழும்புத் தோணியில போனவரு. அறுவத்துநாலு புயல்ல தோணி திரும்பல." பல வருஷம் சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சு அவள் வாயில் பழகிப்போயிருந்தது. "கோயில் கல்லறையில சிலுவ வச்சிருக்கு. உள்ள ஒண்ணும் கெடயாது."

நயினார் ஜன்னலோரம் போனார். ஆசான் சொல்லிக்கொடுத்தபடி விளிம்பில் மட்டும் விரல் பட, பக்கவாட்டு வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பிடித்தார். அடியில் வருஷம். ஒன்று, ஒன்பது, ஆறு. கடைசி எண் களிம்புக்குள் இருந்தது. காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். களிம்புக்கு அடியில் ஒரு வளைவு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

இன்னொரு ஆறு.

புயலுக்குப் பிறகு அடித்த காசு. அந்தப் புயலில் கடலோடு போனவன் அதைக் கையில் வைத்திருக்க முடியாது.

"அண்ணாச்சி, அதுல வந்து கீழ..."

"ஆசான் வரட்டும்மா. வெல அவுகதான் சொல்லணும்."

"இல்ல, நான் கேக்க வந்தது..."

"எல்லாத்தையும் நாளைக்குப் பேசிக்கிடலாம். காசு இருக்கட்டும். மழ வலுக்குததுக்குள்ள வீடு போய்ச் சேருங்க."

அவள் நின்று பார்த்தாள். பிறகு போனாள். அவள் பெயர் சலேத்தம்மாள் என்பதைக்கூட அவர் கேட்கவில்லை.

நயினார் காசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணுக்கு முன்னால் சலேத்தம்மாள் இல்லை. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தன் மனைவிதான் இருந்தாள். இவளாவது புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறாள். அவன் எங்கோ ஒரு துறைமுகத்தில் உயிரோடு இருந்துகொண்டே வராமல் இருந்துவிட்டான் என்று தெரிந்தால்?

முனைக்கடைக்குப் போய்ப் புளி வாங்கிவந்தார்.

பின்கட்டில் துவைக்கிற கல் இருந்தது. அங்கே உட்கார்ந்து தேய்த்தார். களிம்பு கரைந்து ஓடியது. ஆனால் புளி செய்கிற வேலையைத்தானே புளி செய்யும்? கடைசி எண் முன்னைவிடத் தெளிவாக, கண்ணில் குத்துகிற மாதிரி மேலே வந்தது. குழந்தைகூடப் படித்துவிடும்.

நயினார் காசைக் குப்புறப் போட்டுக் கல்லில் வைத்துத் தேய்த்தார். செங்கல் பொடி போட்டுத் தேய்த்தார். ஆறு போனது. இன்னொரு ஆறும் போனது. உட்கார்ந்திருந்த பெண்ணின் பாதமும் போனது. அழுதுகொண்டேதான் தேய்த்தார். அவர் நல்ல மனுஷன், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

மறுநாள் காலையில் ஆசான் உள்ளே வந்ததும் நின்றார்.

"புளி வாசம் அடிக்கே அண்ணாச்சி."

நயினார் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது அவர் குரலில் கொஞ்சம் நிமிர்வுகூட இருந்தது.

"இத்தன நாளுல மொத தடவையா ஒரு ஆள அழவைக்காம அனுப்பப்போறேன் ஆசானே. நீங்க என்ன ஏசினாலும் சரி."

ஆசான் ஏசவில்லை.

"என்ன தெரியணும்னு அந்தம்மாகிட்ட கேட்டியளா?"

"இதுல கேக்குததுக்கு என்ன இருக்கு?"

ஆசான் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் நயினாருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

சலேத்தம்மாள் உள்ளே வந்து கைகூப்பினாள். பச்சைத் துணியில் காசு பளபளவென்று கிடந்தது. அவளுக்கு அது தன்னுடைய காசு என்றே தெரியவில்லை. வேறு காசைத் தேடி மேசை முழுவதும் பார்த்தாள்.

"அதுதாம்மா," என்றார் ஆசான்.

அவள் எடுத்தாள். புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள். கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல நம்பர் இருந்துச்சே?"

நயினார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க ஊரு டீச்சரம்மா பாத்தாவ. ஆறு வரைக்கும் தெரியுது, கடைசி நம்பருல களிம்பு ஏறியிருக்கு, டவுன்ல பெரிய கண்ணாடி வச்சிப் பாப்பாவன்னு சொன்னாவ. புயலுக்கு முந்தின காசா, பிந்தின காசா? அத மட்டும் கேக்கத்தான் வந்தேன்." அவள் நயினாரைப் பார்த்தாள். "நேத்தே கேக்க வந்தேன் அண்ணாச்சி. நீங்க விடல."

"அம்மா..."

"நாளைக்குக் கல்லறைத் திருநாளு. வருசா வருசம் வெறும் சிலுவைக்கு முன்னால மெழுகுதிரி ஏத்துதேன். முந்தின காசுன்னா ஏத்தணும். பிந்தின காசுன்னா ஏத்தக் கூடாது. உசுரோட இருக்கவருக்கு ஏத்துனா அவருக்கு ஆகாதுல்லா?"

நயினார் எழுந்துவிட்டார். "அறுவத்தாறும்மா. நான் எங் கண்ணால பாத்தேன். பிந்தின காசுதான். ஏத்தாதீய."

"பெறகு ஏன் அழிச்சிய?"

"உசுரோட இருந்தும் வரலயேன்னு நீங்க ஒடஞ்சு போயிருவியளோன்னு..."

"வராட்டா என்ன?" என்றாள் சலேத்தம்மாள். "இருந்தாப் போதாதா?"

நயினார் மேசையைச் சுற்றி அவள் பக்கம் வந்தார்.

"அறுவத்தாறும்மா," என்றார் மறுபடியும். "எம் மகன் மேல சத்தியமா. நம்புங்க."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து எம் மனசு நோவக் கூடாதுன்னு அழிச்சிய. இன்னைக்கு எம் மனசு நோவக் கூடாதுன்னு அறுவத்தாறுங்கிய. நான் எத அண்ணாச்சி நம்புவேன்?"

அவள் ஆசான் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க பாத்தியளா?"

"நான் பாக்கலம்மா."

"இப்பம் பாத்துச் சொல்லுங்க."

ஆசான் காசை ஜன்னலோரம் கொண்டுபோனார். சாய்த்தார், திருப்பினார், கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தராசில் வைத்தார். ராணி தலையை வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, துணியில் வைத்தார்.

"அறுவத்தொண்ணுல இருந்து அறுவத்தேழு வரைக்கும் இதே தலைதாம்மா அடிச்சிருக்கான். நம்பர் இல்லாம வருசம் சொல்ல முடியாது."

"ஒங்களுக்குமா தெரியாது?"

"தெரியாது."

ஒரு காசைப் பார்த்துவிட்டு ஆசான் அந்த வார்த்தையைச் சொல்லி நயினார் கேட்டதே இல்லை.

வெளியே மழை மறுபடியும் பிடித்தது. சலேத்தம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காசை ஒரு விரலால் மேசையின் நடுவுக்குத் தள்ளினாள்.

"சரி," என்றாள். "இது என்ன பெறும்? ஒரு மெழுகுதிரி வாங்கவாச்சும் ஆகுமா?"

நயினார் ஆசானைப் பார்த்தார்.

ஆசான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"ஒங்களத்தான் கேக்காவ அண்ணாச்சி. சொல்லுங்க."